மோட்டார்காரரின் லீவு

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் மோட்டார்காரர். வாகனங்கள் நிறுத்தும் கீழ்த்தளத்தின் கடைசி மூலையில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏற்றும் மோட்டார். அது ஓடினால் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். ஓடாவிட்டால் இவர் நடுங்குவார்.

மாடிக்கு மாடி அலுவலகங்கள். ஆண்கள் கழிப்பறை யூரினல்களில், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தானாகவே தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும். மதியத்துக்குள் மேல்தொட்டி வற்றிவிடும். உடனே போன்.

"மோட்டாரு, நாலாவது மாடில சொட்டுத் தண்ணி இல்ல!"

சாப்பிட்ட கையை உதறிக்கொண்டு ஓடுவார். கீழ்த்தொட்டியும் காலி என்றால் தண்ணீர் லாரிக்காக வாசலில் தவம் கிடப்பார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியே போனதே கிடையாது. மகள் கல்யாணம் பக்கத்துத் தெரு மண்டபத்தில்தான் நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணைப் பெற்றவரைக் காணோம். தேடிப் போனால், புதுச் சட்டையோடு மொட்டை மாடியில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வெளியூர் போய் ஒரு பெண் குழந்தையும் பெற்றுவிட்டாள். பேத்தியைப் போனில் பார்த்ததோடு சரி.

"இந்தக் கண்ணாடிக்குள்ளயே பாத்துப் பாத்து நம்ம காலம் முடிஞ்சிடும் போல" என்பாள் மனைவி.

கட்டடச் சங்கத்தின் செக்ரட்டரி, மூன்றாவது மாடி ஆடிட்டர், ஒரு நாள் தண்ணீரே வேண்டாத யூரினல்களைப் பற்றிப் பேச்செடுத்தார். கூட்டத்தில் பலரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "தண்ணி ஊத்தும்போதே இந்த நாத்தம். ஊத்தலன்னா கட்டடத்தையே காலி பண்ண வேண்டியதுதான்" என்றார் ஒருவர். செக்ரட்டரி ஒற்றைக்காலில் நின்று சாதித்தார்.

மாட்ட வந்த பிளம்பர் மோட்டார்காரரை அருகே கூப்பிட்டுக் காட்டினார்.

"அண்ணே, இந்த ஓட்டைக்குள்ள ஒரு குப்பி இருக்கு பாருங்க. அதுல எண்ணெய் மாதிரி ஒண்ணு மிதக்கும். சிறுநீர் அதுக்கு அடியில இறங்கிப் போயிடும். எண்ணெய் மேல மூடி போட்ட மாதிரி நிக்கும், நாத்தம் மேல வராது. திருகுறதுக்கு வால்வு கிடையாது, யாரும் எதையும் தொட வேணாம். தினம் மருந்து அடிச்சுத் துணியால துடைங்க. சில மாசத்துக்கு ஒரு தடவை குப்பிய மாத்துங்க. ஆனா வாளித் தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. எண்ணெய் அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

மோட்டார்காரர் பாதிதான் நம்பினார். ஆனால் சில நாளிலேயே மாற்றம் தெரிந்தது. காலையில் ஏற்றிய தண்ணீர் மாலை வரை நின்றது. தண்ணீர் லாரி வருவது நின்றது. ஈரத் தரையும், ஓயாத சொட்டுச் சத்தமும், கண்ணைக் கரிக்கும் நாற்றமும் போயின. மூக்கைப் பிடித்தவர்களே "பரவாயில்லையே" என்றார்கள். மதியம் அவர் முழுச் சாப்பாட்டையும் உட்கார்ந்து சாப்பிட்டார். மனைவி அதை அதிசயம் போலப் பார்த்தாள்.

"இப்பவாவது லீவு கேளுங்க."

கேட்டார். செக்ரட்டரி சிரித்துக்கொண்டே கொடுத்தார். கட்டடத்தைப் பெருக்கும் துப்புரவுக்காரரிடம் வேலையை ஒப்படைத்து, தண்ணீர் ஊற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் மனைவிக்கு வாயெல்லாம் பல். பேத்தி முதலில் தாத்தாவைப் பார்த்து வீறிட்டாள். பிறகு அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அன்று அவர் போனை எங்கே வைத்தார் என்பதே அவருக்கு நினைவில்லை.

மறுநாள் காலை அதைக் கண்டெடுத்தபோது அழைப்புகள் குவிந்திருந்தன.

"மோட்டாரு, போன எடுக்க மாட்டியா? ஆறு மாடியும் நாறுது!" செக்ரட்டரி கத்தினார்.

துப்புரவுக்காரர் மாடி மாடியாக வாளி வாளியாக ஊற்றிக் கழுவியிருந்தார். "தண்ணி படாம எப்படிங்க சுத்தமாவும்? எனக்கு மனசே கேக்கல" என்று போனிலேயே அழுதார். அவரைத் திட்ட மோட்டார்காரருக்கு வாய் வரவில்லை. சட்டையை மாட்டினார்.

"நான் வரல. நீங்க போங்க" என்றாள் மனைவி, குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல்.

தனியாகத் திரும்பி, எண்ணெய் ஊற்றிச் சரிசெய்தார். அடுத்த முறை லீவு கேட்டபோது செக்ரட்டரி கோபப்படவில்லை. "தர மாட்டேன்னா சொன்னேன்? உன்ன மாதிரி ஒரு ஆள நிறுத்திட்டுத் தாராளமா போயிட்டு வா" என்றார். யூரினல் துடைக்கும் வேலை என்றதும் கேட்டவர்கள் எல்லோரும் நழுவினார்கள். அதற்குள் பக்கத்துக் கட்டடக்காரர்கள் பார்க்க வந்தார்கள். தண்ணீர் மிச்சமாவதைக் கண்டு அவர்களும் மாட்டினார்கள். "எங்க ஆளே உங்களுக்கும் பாத்துப்பாரு" என்று செக்ரட்டரி பெருமையாகச் சொல்லிவிட்டார். முன்பு ஒரு கட்டடத்துக்கு ஓடியவர், இப்போது தெரு முழுவதும் ஓடினார்.

கடைசியில் மனைவி மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மகள் அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அப்பா, இங்க மூச்சு முட்டல?"

"முன்னாடி மோட்டார் சத்தம் இருக்கும். இப்ப அது கூட இல்லம்மா."

அது குறையா நிறையா என்று மகளுக்குப் புரியவில்லை. அன்று மாலை எல்லோரையும் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். தெருமுனையில்தான், கூப்பிட்டால் ஓடி வந்துவிடலாம். பெஞ்சில் உட்கார்ந்தும் அவர் கை போன் இருந்த சட்டைப்பையை விட்டு நகரவில்லை.

"கைய எடுங்க. பிள்ளையப் பிடிங்க" என்று மனைவி பேத்தியை மடியில் வைத்தாள்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குழந்தை ஒரு காய்ந்த இலையை அவர் காதில் சொருகிச் சிரித்தது. இருட்டும் வரை போன் அடிக்கவே இல்லை. அவர்தான் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி, நாலைந்து தரம் எடுத்துப் பார்த்தார்.