பதிவாகிவிட்ட வேண்டுதல்

கங்காதரன் இதுவரை முக்கியமான எதையும் மறந்ததில்லை. ஆனாலும் மறந்துவிடுவோமோ என்ற பயம் முப்பது வருஷமாக அவரைத் தின்கிறது. திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை. யோசனையெல்லாம் பைக்கில் போகும்போதுதான் வரும். வண்டியை விட்டு இறங்கினால் அதுவும் இறங்கிப் போய்விடும். அதனால் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே ஓர் ஆப் செய்தார். ஒரே பட்டன். அமுக்கிப் பேசினால் தேதியோடு எழுத்தாகிப் பதிவாகும். அழிக்க வசதி வைக்கவில்லை, அதுவும் ஒருவகை மறதிதானே என்று. காய்கறிப் பட்டியலுக்கு உதவட்டுமென்று மனைவி மணியம்மையின் போனிலும் போட்டுக்கொடுத்தார்; ஒருவர் பேசியது இரண்டு போனிலும் தெரியும்.

ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கையில் மணியம்மை பழைய பதிவொன்றைக் கண்டெடுத்தார்: "அபிக்கு மொட்டை." தேதி போன ஐப்பசி. மகள் அபி டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாம் நாள்.

"சாமிக்கு வேண்டிகினு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

"வேண்டிக்கலாமான்னு யோசிச்சேன். வேண்டிகினேனான்னு ஞாபகம் இல்ல."

"எங்க நின்னுகினு பேசினீங்க?"

"கடை வாசல்ல."

"அங்கருந்து மலை தெரியுமில்ல. அப்போ வேண்டிகினதுதான்."

இந்த ஊரில் மலை தெரியாத இடம் தேடிப்போய் யோசிப்பது கடினம்.

ஆவணியில் அபிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு புத்தூர். மொட்டைத் தலையோடு நிச்சயமா, வேண்டுதலைப் பாக்கி வைத்துக்கொண்டு கல்யாணமா? கங்காதரன் போனை எடுத்தார். அன்றைய பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். "பப்பாளி இலை." "ரத்தம் ஓ பாசிட்டிவ், பிரேம்குமாரைக் கேள்." எல்லாம் இருந்தது. அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னபோது மனதில் என்ன இருந்தது என்பது மட்டும் இல்லை.

அபி அம்மாவின் போனில் படித்துவிட்டுக் கடைக்கே வந்தாள்.

"நைனா, வேண்டிகினியா, இல்லியா?"

"தெரியலம்மா."

"வேண்டிகினதா வச்சிக்கோ. இல்லாங்காட்டி நாளைக்கு எனக்குத் தும்மல் வந்தாக்கூட அம்மா இதத்தான் சொல்லும்."

புத்தூருக்கும் அவளே போன் போட்டாள். "மொதல்ல சாமி காரியத்த முடிம்மா, நிச்சயத்த தைக்குத் தள்ளிக்கலாம்" என்றார் வருங்கால மாமியார். எல்லோருக்கும் நிம்மதி. செய்யாத வேண்டுதலுக்கு மகள் தலையைக் கொடுக்கிறோமோ என்ற பயம் கங்காதரனை அன்றைக்குத்தான் முழுசாகப் பிடித்தது.

கிருத்திகையன்று முடி கொடுக்கும் இடத்தில் கூட்டம் நெரிந்தது. அபியின் கூந்தல் கொத்துக் கொத்தாக விழ, மணியம்மை கண்ணை மூடிக்கொண்டார். அபி தலையைத் தடவிப் பார்த்து, "காத்து ஜில்லுனு வருது" என்றாள்.

கங்காதரன் அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இன்னா வேண்டுதலுங்க?" என்றார் நாவிதர், தண்ணீர் தெளித்தபடி.

"அன்னிக்கு நான் நெசமாவே வேண்டிகினு இருந்திருக்கணும்னு."

"ஆங். குனிங்க."