மாப்பிள்ளையும் நானும் நிக்கோட்டினும்

என் தங்கையின் கணவரோடு எனக்கு இருந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். நிக்கோட்டினால் புற்றுநோய் வருமா, வராதா? சொத்துச் சண்டை இல்லை, சீர்வரிசைச் சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளையில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, பல்லேகலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வேன். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிடுவோம்.

மாப்பிள்ளைக்கு அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. கல்யாணமான காலத்திலிருந்தே சிகரெட் குடிப்பார். மகள் நடக்கத் தொடங்கிய வயதில், அவர் தூக்கப் போனால் வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது அவரை என்னவோ செய்துவிட்டது. டுபாயிலிருந்து வந்த கூட்டாளி ஒருவர் கொடுத்த மின்சிகரெட்டை இழுக்க ஆரம்பித்து, மற்றதை அடியோடு விட்டுவிட்டார். வேப் என்பார்கள். பேனா அளவில் ஒரு சாமான், மாம்பழ வாசனையில் ஆவி வரும். தன் வாழ்க்கையில் தான் செய்த பெரிய காரியம் அதுதான் என்று அவர் நம்பினார்.

நான்தான் விடவில்லை. கண்டியில் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் நாள் முழுக்க வருகிறவர்களோடு மல்லுக்கட்டிப் பழகிய வாய் எனக்கு. சும்மா இருக்கச் சொன்னாலும் இருக்காது.

"புகைதான் மச்சான் கான்சர். எரியிற இலை, தார், அதுதான். நிக்கோட்டின் பழக்கத்துல மாட்டிவிடும், அவ்வளவுதான். கான்சர் குடுக்கிற சாமான்னா, சிகரெட்ட விடுறதுக்கு நிக்கோட்டின் பிளாஸ்டர் ஒட்டச் சொல்லி டாக்டர்மாரே குடுப்பாங்களா?"

"அது தோல்ல ஒட்டுறது மாப்பிள்ளை. கொஞ்ச நாளைக்கு. நீங்க வருஷக்கணக்கா நெஞ்சுக்குள்ள இழுக்கிறீங்க. இந்தச் சாமான் நேத்து வந்தது. வராதுன்னு யாரு கண்டா?"

"வரும்னு யாரு கண்டா?"

இந்த இடத்தில் இருவரும் ஃபோனை எடுப்போம். அவருக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டரின் வீடியோ கிடைக்கும், எனக்கு வேறொருவருடையது. நிக்கோட்டின் தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று யாரும் தெளிவாகக் காட்டவில்லை என்பார் அவருடைய டாக்டர். இருக்கிற கட்டியை அது வளர்த்துவிடக்கூடும், ஆவியில் வேறு இரசாயனங்களும் இருக்கின்றன என்பார் என்னுடையவர். இரண்டு பேருமே கடைசியில், இன்னும் ஆராய வேண்டும் என்று நழுவிவிடுவார்கள். நாங்கள் நழுவ மாட்டோம். சோறு ஆறிப்போகிறது என்று தங்கை கத்துவாள்.

கம்பளையில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்தபடியே நாங்கள் இதைப் பேசப்போய், பரிமாற வந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் வழக்கு தெரியும். இரண்டு பேருமே பாதி தெரிந்து பாதி தெரியாமல்தான் பேசினோம். விட்டுக்கொடுப்பது மட்டும் எங்களுக்கு வராது. அந்தச் சண்டைக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருந்தேன் என்று அவரிடம் சொன்னதேயில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. சளி என்றுதான் நினைத்தோம். பிறகு முதுகுவலி, எக்ஸ்ரே, ஸ்கேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் தங்கையையும் மாப்பிள்ளையையும் மருந்து எடுக்க அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது. இனி வலியைக் குறைக்கத்தான் மருந்து. எதனால் வந்தது என்று கேட்டேன். அத்தனை வருடச் சிகரெட் காரணமாக இருக்கலாம், வேப்பைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, இனி அந்தக் கேள்வியால் யாருக்கும் பிரயோசனமில்லை என்றார்.

பஸ் தரிப்பிடத்தில் தங்கை என்னைத் தனியே இழுத்துக் கேட்டாள். "டாக்டர் என்னண்ணே சொன்னாரு?"

"கான்சர்தான். மருந்து குடுத்துப் பார்ப்போம்னாரு."

அந்த இரண்டாவது வாக்கியம் டாக்டருடையது இல்லை, என்னுடையது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதையே மாப்பிள்ளையிடமும் சொன்னாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வர மாட்டார்கள். பாலில் கரைத்துக் குடிக்கும் மோல்ட் டின், அப்பிள், பிஸ்கட் பக்கெட் எல்லாம் வரும். கூடவே விசாரணையும் வரும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எப்படி வந்தது, எதனால் வந்தது என்று துருவுவார்கள். கெலிஓயாவிலிருந்து வந்த எங்கள் சித்தி, மாப்பிள்ளையின் காதுபடவே என்னைப் பாராட்டினார்.

"நீ அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டியேப்பா. உன் பேச்சக் கேட்டிருந்தா இப்படி வருமா?"

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வாதத்தில் ஜெயித்தவனுக்கு மரியாதை செய்கிறார்களாம். அந்த மோல்ட் டின்னை எடுத்து வாசலில் வீசலாம் போலிருந்தது எனக்கு. மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். தங்கை குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னதுதான் மச்சான் சரி," என்றார் அவர். "பிள்ளைக்காக ஒண்ண விட்டேன்னு பெருமையா இருந்தேன். அதுக்குப் பதிலா கையில எடுத்ததே இப்படிப் பண்ணிருச்சு. நானே தேடித் தேடி இழுத்து வாங்கிக்கிட்டேன்."

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. இவர் போகத்தான் போகிறார். மனைவியையும் பிள்ளையையும் தன் கையாலேயே தவிக்க விட்டோம் என்ற நினைப்போடு போகக்கூடாது. அங்கேயே கட்சி மாறினேன்.

"அப்படியெல்லாம் இல்ல மாப்பிள்ளை. நிக்கோட்டினால கான்சர் வரும்னு யாரும் அடிச்சுச் சொல்லல. நீங்க சொன்னதுதான் சரி. சிகரெட்டே தொடாத ஆளுக்கும் இந்த நோவு வருதே. பிள்ளைக்காக நீங்க அத விட்டது நல்ல காரியம். நான்தான் சும்மா வாய்க்கு வந்ததப் பேசினேன்."

அவருடைய பிளாஸ்டர் வாதத்தைக்கூட நானே எடுத்துச் சொன்னேன். அவரைவிட நன்றாகவே அவருக்காக வாதாடினேன் என்று நினைக்கிறேன். அவர் நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது எனக்கு விட்டுக்குடுத்திருக்கீங்களா?"

நான் சிரிக்கப் பார்த்தேன்.

"இன்னைக்கு முழுசா விட்டுக்குடுக்கிறீங்க. அன்னைக்கு எங்கள வெளிய அனுப்பிட்டு டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

ஏதாவது பொய் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவருக்கு அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்ல வந்தவன் நான், அவரிடம் ஆறுதல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையசைத்தேன்.

குசினியில் கோப்பைகளின் சத்தம் கேட்டது. தங்கை பிளேன்டீ கொண்டு வருகிறாள். மாப்பிள்ளை என் கையை விட்டார்.

"கண்ணத் தொடைங்க மச்சான். சண்டைய ஆரம்பிங்க. நம்ம ரெண்டு பேரும் இப்படி அமைதியா இருந்தா அவ கண்டுபிடிச்சிருவா."

என்னால் முடியவில்லை. அவரே முழங்கையை ஊன்றி எழுந்து, கிடைத்த மூச்சையெல்லாம் சேர்த்து, "நிக்கோட்டினால கான்சர் வரும்னு சொன்ன ஒரு டாக்டரக் காட்டுங்க பார்ப்போம்!" என்று சத்தம் போட்டார்.

"வராதுன்னு நீங்க காட்டுங்க!" என்று கத்தினேன். என் குரல் உடைந்தது. கத்தியதில் உடைந்ததாகவே அவளுக்குக் கேட்டிருக்கும்.

தங்கை தட்டோடு வாசலில் நின்றாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த நோய் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

"இவருக்குத் தெம்பு வந்திருச்சுண்ணே," என்றாள்.