சிக்னல் போகும் வரை

கரையான்சாவடியில் ஃபேன்சி ஸ்டோர் நடத்தும் சைனம்புவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து லீவு என்று ஒன்று இருந்ததே இல்லை. தங்கை தஸ்லீம் இரண்டு உல்லாசக் கப்பல் டிக்கெட்டை நீட்டியதும், கடையையும் வீட்டையும் கணவர் ஷவுகத் அலியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மாலையில் புறப்பட வேண்டிய கப்பல், இருட்டிய பிறகும் சென்னைத் துறைமுகத்தை விட்டு அசையவில்லை. நீச்சல் குளத்தைக்கூடத் திறக்கவில்லை என்று மேல்தளத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். சைனம்புவுக்குக் குளம் ஒரு பொருட்டே இல்லை. கப்பல் கரையில் நிற்கும்வரை போனில் சிக்னல் இருக்கும். சிக்னல் இருக்கும்வரை வீடும் கூடவே இருக்கும்.

"சைனம்பு, இட்லி மாவு எங்க கீது?" என்றார் போனில் ஷவுகத் அலி.

"ஃப்ரிட்ஜுல, உங்க கண்ணுக்கு நேரா கீதுங்க!"

அடுத்த போன் வளையல் பெட்டிக்கு. அதற்கடுத்தது மோட்டார் சுவிட்சுக்கு.

"இதுக்கு நான் ஊட்லயே இருந்திருப்பேன்" என்று தங்கையிடம் எரிந்து விழுந்தாள்.

"போனை ஆஃப் பண்ணிடேன்க்கா."

"பண்ணா, வேணும்னே பண்ணேன்னு சொல்லுவாரு. கடல்ல சிக்னல் போனா யாரு மேல தப்பு?"

ஒருவழியாகக் கப்பல் நகர்ந்தது. துறைமுக விளக்குகள் சிறுத்துக்கொண்டே போயின. "சைனம்பு, அந்தச் சாவி..." என்பதோடு ஷவுகத் அலியின் குரல் அறுந்தது. அவள் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டாள்.

சிப்பந்தி ஒருவன் பணிவாக வந்து நின்றான். "லேட்டானதுக்கு சாரி மேடம். எல்லாருக்கும் வைஃபை ஃப்ரீ. போட்டுத் தரட்டுமா?"

சைனம்பு போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஒரு டீ கொண்டா தம்பி. இந்த வைஃபை சமாச்சாரம் மட்டும் எங்க ஊட்டுக்காரர் காதுக்குப் போவக் கூடாது."