தாங்கப்பட்டது

"பெந்தெகொஸ்தேக்குப் பின்வரும் ஒன்பதாம் ஞாயிறு. பாண்டிச்செல்வி, சோழவந்தான். வயிற்றில் கட்டி. செவ்வாய் காலை பத்து மணிக்கு அறுவை சிகிச்சை. தாங்கப்பட்டது."

எங்கள் சபையின் ஜெபக் குறிப்பேட்டில், நீல மையில், என் கையெழுத்தில் இருக்கும் பதிவு இது. இதன் கடைசி வார்த்தை பொய். நான் அவளுக்காக ஜெபிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எழுதியது ஞாயிற்றுக்கிழமை. அறுவை சிகிச்சை செவ்வாய்க்கிழமை. நடக்கவேண்டியதை நடந்து முடிந்ததாக இரண்டு நாள் முன்பே எழுதியிருக்கிறேன்! பதிவு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்ப்பவன் நான். தேதி பிசகிய பத்திரம் ஒன்று மேசைக்கு வந்தால் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவேன். என் பத்திரத்தை யார் பிடிப்பது?

'ஜெபத்தில் தாங்குங்கள்' என்பது எங்கள் ஆட்களிடையே புழங்கும் சொல். தடுமாறுகிற ஒருவரைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்வது போல. பழங்காநத்தத்தில் உள்ள எங்கள் சின்னச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விண்ணப்பச் சீட்டுகள் என்னிடம் வரும். ஒவ்வொரு சீட்டுக்காகவும் வீட்டில் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு, குறிப்பேட்டின் கடைசிக் கட்டத்தில் 'தாங்கப்பட்டது' என்று எழுதவேண்டும். போதகர் என்னை நம்பி ஒப்படைத்த ஊழியம் அது.

முதலில் ஜெபித்துவிட்டு எழுதினேன். பிறகு எழுதிவிட்டு ஜெபித்தேன். பிறகு... எழுதினேன்.

என் மனைவி எஸ்தர் ஒருநாள் கேட்டாள். "என்னங்க, ஜெபிச்சாச்சா?"

"எழுதியாச்சு."

"நான் எழுதியாச்சான்னா கேட்டேன்? மேலயும் ஒரு ரிஜிஸ்டர் ஆபீஸ் இருந்தா, போன அன்னைக்கே ஒங்களுக்குப் புரமோஷன்தான்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது எவ்வளவு கசக்கிறது!

ஏன் அப்படி ஆனேன்? சோம்பல் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். உண்மை அதைவிட மோசமானது. கண்ணை மூடினால் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. யாராவது கேட்கிறார்களா? கேட்டாலும், என்னைப் போன்றவன் சொல்வதையா? இந்தச் சந்தேகம் எழுதும்போது வருவதில்லை. எழுதினால் எழுத்து நிற்கிறது, கண்ணால் பார்க்கலாம்.

அதனால் சபையின் வரலாற்றை எழுதப் புகுந்தேன். எங்கள் ஆலயத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டிய தேதி இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருந்தது. எது சரி? சில வருடங்களாக இதுதான் என் தாகம். கையில் கிடைத்த சரித்திர நூல்களையெல்லாம் படித்தேன். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினேன். இதைத்தான் நான் பக்தி வைராக்கியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பாண்டிச்செல்வியைப் பற்றிச் சொல்கிறேன்.

சோழவந்தானிலிருந்து வெற்றிலை கொண்டுவந்து எங்கள் தெருமுனையில் விற்பவள். புருஷன் முத்து அங்கேயே வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கிறான். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடும் பழக்கம் எனக்கு உண்டு. கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் வேதக்காரர்கள் என்பார்கள். அவளுக்கு நான் 'வேதக்கார அண்ணன்'.

"என்னண்ணே, வெத்தல போட்டா ஒங்க சாமி கோவிக்காதா?"

"அதெல்லாம் கண்டுக்காது."

"அப்ப நல்ல சாமிதேன். எங்க அய்யனாரு இருக்காரே, எல்லாத்தையும் கண்டுக்கிருவாரு!"

அந்த ஒன்பதாம் ஞாயிறு, நான் ஆலயம் முடிந்து வரும் வழியில் அவள் கூடையை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். அன்று சிரிக்கவில்லை.

"அண்ணே, வயித்துல கட்டியாம். செவ்வாக்கெழம பத்து மணிக்கு அறுக்கப்போறாக. எங்க சாமிக்கெல்லாம் நேந்துட்டேன். நீங்க ஒங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

"ஜெபிச்சுக்கிறேன்மா."

எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்ன வார்த்தை! 'போயிட்டு வாரேன்' என்று சொல்வது போல் எனக்கு அது விடைபெறும் வார்த்தையாகவே ஆகியிருந்தது. அவளுக்கு அது தெரியாது. அவள் அதை அப்படியே நம்பினாள்.

"நாள் முச்சூடும் வேணாம்ணே. உள்ள கொண்டு போவாகல்ல, அந்தப் பத்து மணிக்கு மட்டும். நீங்க அங்க பேசிக்கிட்டு இருக்கீகன்னு நெனச்சுக்கிட்டே நான் படுத்துக்கிருவேன்."

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். எழுதும் வேகத்தில் கை கடைசிக் கட்டத்தையும் நிரப்பிவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை எனக்கு ஒரு செய்தி வந்தது. திருமங்கலத்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள்; அங்கே எங்கள் சபையின் ஆரம்ப காலத்துக் கடிதம் ஒன்று இருக்கிறது; செவ்வாய் காலைக்குள் வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் மற்ற தாள்களோடு பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கு விடுப்புப் போட்டேன். பேருந்தில் போய்க்கொண்டே ஜெபிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடினேன்... அஸ்திவாரக் கல்தான் வந்து நின்றது.

சரியாகப் பத்து மணிக்குத் திருமங்கலம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கைப்பேசி அடித்தது. முத்து.

"அண்ணே, உள்ள கூட்டிட்டுப் போறாக. ஜெபத்துல இருக்கீகளான்னு செல்வி கேக்கச் சொன்னா."

என் காதருகே ஒரு நடத்துநர் தொண்டை கிழியக் கத்தினார். "விருதுநகர், சாத்தூர், கோயில்பட்டி! ஏறு, ஏறு!"

கைப்பேசியைக் கையால் பொத்தினேன். சத்தம் கொஞ்சம் ஓய்ந்ததும் சொன்னேன்: "இருக்கேன் முத்து. ஜெபத்துலதான் இருக்கேன்."

அப்போதாவது, அந்த இரைச்சலுக்கு நடுவில், ஒரு தூணோரம் நின்று நான்கு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை! நான் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்தேன். கடிதம் கிடைத்தது. தேதியும் கிடைத்தது. அவள் ஞாபகம் வந்தது பிற்பகல் மூன்றரை மணிக்கு, திரும்பும் பேருந்தில்.

அவள் பிழைத்துக்கொண்டாள்.

நான் தண்டிக்கப்பட்டிருந்தால் என்னால் புரிந்துகொண்டிருக்க முடியும். இதை எப்படிப் புரிந்துகொள்வது? சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு, அவள் முத்துவோடு ஆலயத்துக்கே வந்துவிட்டாள். போதகர் பேசச் சொன்னார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"பத்து மணிக்கு என் கைய ஒரு கை வந்து புடிச்ச மாதிரி இருந்துச்சு. பயமே போயிருச்சு. அண்ணன் ஜெபிச்சுக்கிட்டு இருந்தாக. அம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும்."

சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. நானும் சொன்னேன். போதகர் என் பக்கம் திரும்பி, "இதைச் சபை வரலாற்றில் எழுதிவையுங்கள்" என்றார். எழுதினேன்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் இருவரும் வந்தார்கள். செருப்பு விடும் இடத்தை ஒட்டிய கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பாட்டு தெரியாவிட்டாலும் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். நான் முன்வரிசையில் முதுகு கூச உட்கார்ந்திருப்பேன். என்றோ நாட்டிய ஒரு அஸ்திவாரக் கல்லின் தேதியைத் தேடி ஓடினேன். என் கண் முன்னால் ஒருத்தியின் விசுவாசத்துக்கு என் பொய்யையே அஸ்திவாரமாகப் போட்டுவிட்டேன்!

சொல்லியிருக்கலாம் அல்லவா? நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சொன்னால் அவள் விழுந்துவிடுவாள் என்று பயந்தேன். அல்லது... அவள் பார்வையில் நான் விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். இரண்டில் எது என்று பிரித்தறிய எனக்கு யோக்கியதை இல்லை.

இந்த வருடம் லெந்து என்னும் தவக்காலம் தொடங்குமுன் கட்டி திரும்ப வந்தது. அறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

லெந்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று ஜெபிக்கத் தொடங்கினேன். தினமும் காலை பத்து மணி. முழங்காலில். ஞாயிறு தவிர எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கவேண்டிய நேரம் அது. ஆவண அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஞாயிறுகளில் ஆராதனை நடுவிலேயே முழங்கால் போட்டேன். சந்தேகம் போகவில்லை, ஒருநாள்கூடப் போகவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. என் வாழ்நாளில் நான் உண்மையாக ஜெபித்தது அப்போதுதான்.

ஐந்தாம் வாரம் சோழவந்தானுக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடும் தீர்மானத்தோடு. பாயில் கிடந்தாள். முத்து தண்ணீர் எடுக்கப் போயிருந்தான்.

"வேதக்கார அண்ணனா... வெத்தல போடாம ஒங்க வாய் வெளுத்துப் போச்சே. ஜெபிக்கிறீகளாண்ணே?"

"ஜெபிக்கிறேன்மா. உண்மையிலயே ஜெபிக்கிறேன்."

அந்த 'உண்மையிலயே' எப்படி வாயிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை. அவள் என்னையே பார்த்தாள். பழைய குறும்பு கண்ணில் எட்டிப் பார்த்தது.

"இப்ப உண்மையிலயேவா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்பச் சரி."

முத்து குடத்தோடு வந்துவிட்டான். நான் எதையும் சொல்லவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை அவள் இறந்தாள். சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் முப்பத்தொன்பதாம் நாள். ஜெபிக்காதபோது பிழைத்தவள், ஜெபித்தபோது போய்விட்டாள்... இதை நான் எந்தத் தலைப்பின் கீழ் பதிவது?

முத்து இன்னும் வருகிறான். அதே கடைசி வரிசை. அவள் உட்கார்ந்த இடத்தைக் காலியாக விட்டு உட்காருகிறான். இதை நான் சபையில் சொல்லாமல் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் அவன் என்கிறேன். இதுவும் பொய்யாக இருக்கலாம்.

போன மாதம் ஆலய வாசலில் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "முத்து, ஆப்ரேசன் அன்னைக்கு எனக்குப் போன் பண்ணுனியே, பேசுறப்ப செல்வி எங்க இருந்தா?"

"பக்கத்துலதாண்ணே. ஸ்ட்ரெச்சர்ல."

"போனை அவ காதுல வச்சியா?"

அவன் யோசித்தான். "நீங்க பேசுறதக் கேக்கணும்னு சொன்னா. ஸ்பீக்கர்ல போட்டேன்னு நெனைக்கிறேன்... இல்ல, போடலயோ... மறந்துபோச்சுண்ணே. ஏன் கேக்குறீக?"

"சும்மாதான்" என்றேன்.

குறிப்பேடு என் முன் திறந்திருக்கிறது. அந்த முப்பத்தொன்பது நாட்களுக்கும் தேதி எழுதியிருக்கிறேன். அவள் பெயர் எழுதியிருக்கிறேன். கடைசிக் கட்டம் முப்பத்தொன்பதும் வெறுமையாக இருக்கிறது. உண்மையாகவே ஜெபித்த நாட்களுக்கு அந்த ஒரு வார்த்தையை எழுத என் கை வரவில்லை. பொய்யாக எழுதியது மட்டும், நீல மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகாக நிற்கிறது.

அஸ்திவாரக் கல் நாட்டிய தேதி உறுதி செய்யப்பட்டுவிட்டது. செவ்வாய் காலை பத்து மணிக்கு அந்த நடத்துநரின் குரல் பாண்டிச்செல்வியின் காதில் விழுந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.