முறையை விட்டுக்கொடுத்த கல்யாணப் பெண்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது இது. அப்போது கோயமுத்தூரில் கணபதி பக்கம், பவுண்டரிகள் நெருக்கியடித்த ஒரு தெருவில், லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அதில் ஒரு பவுண்டரியில் மோல்டர். மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றி, மோட்டார் பம்பு பாகங்கள் செய்கிற வேலை.

உலை மூட்டுகிற நாளில், நெருப்புக்குக் காற்றடிக்கிற பெரிய காற்றாடி உறுமத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடுவோம். கொடியில் காயும் துணி, பாயில் காயும் வடகம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்துவோம். கொஞ்சம் அசந்தால் உலைப் புகையோடு பறந்து வரும் கரி படிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் கரிப்புள்ளிச் சட்டையாகிவிடும். எங்கள் தெருவில் ஒருவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தால், பாவம், ஊருக்குப் புதுசு போல என்று கேலி பேசுவோம்.

துணிக்கு இவ்வளவு பதறினோமே, பிள்ளைகளை உள்ளே கூப்பிட ஒருத்திக்கும் தோன்றியதில்லை. அதுகள் பாட்டுக்குத் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும்.

என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிது. பனி இறங்கினால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். நெஞ்சு விசில் அடிக்கும். மாமியார் முதலில் வாழைப்பழத்தை நிறுத்தினார், பிறகு தயிரை. தலைக்கு ஊற்றுவது குறைந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஆரஞ்சும் ஆகாது என்றார். பழத்தின் மேலும் தயிரின் மேலும் பழி போட்டோமே தவிர, வீட்டில் காற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால், சோறு போடுகிற உலையையல்லவா குறை சொன்னதாகும்? எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. அதனால் ஒரு முடிவும் எடுத்து வைத்திருந்தேன். காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் அண்ணன் புதிதாகத் தோட்டம் வாங்கியிருந்தார். அரைப்பரீட்சை முடிந்ததும் மகளை அங்கே விட்டுவிடலாம், கிராமத்துக் காற்றில் தேறிவிடுவாள் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையைப் பிரிந்து எப்படி இருப்பது என்றுதான் தினமும் அழுதுகொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் அவளுக்கு மூச்சு அதிகமாகிவிட்டது. விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். ஆட்டோ பிடித்து, நெஞ்சு நோய் பார்க்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே பெஞ்சில் உட்கார இடமில்லை. பல்லடம், அன்னூர், பொள்ளாச்சி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். மருந்தை ஆவியாக்கி மூச்சோடு இழுக்கவைக்கிற மெஷின் ஒன்றே ஒன்றுதான். அதற்கும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கை நிறையப் புது வளையல் போட்ட ஓர் இளம்பெண் எழுந்தாள். அவளுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. என் மடியில் கிடந்த மகளைப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கொழந்தைக்கு மொதல்ல வெச்சுடுங்க. நான் பொறவு வெச்சுக்கறேன்" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இடையில் மூச்சு நின்று நின்று வந்தது.

அந்த நேரத்தில் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தெரிந்தது. மகளுக்கு மருந்து போகப் போக விசில் சத்தம் அடங்கி, முகத்துக்கு நிறம் வந்தது. அதற்கப்புறம்தான் அந்தப் பெண் உள்ளே போனாள். வெளியே காத்திருந்த அவளுடைய அம்மாவின் பக்கத்தில் போய், தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்தேன். காங்கேயத்துக்குப் பக்கம் என்றார். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. உங்கள் பக்கம் காற்றெல்லாம் நல்ல சுத்தமாக இருக்குமே என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கொட்டாங்குச்சி என்கிற தேங்காய்த் தொட்டியைக் குழியில் போட்டுச் சுட்டுக் கரியாக்கி விற்கிறார்களாம். ஊரைச் சுற்றி அந்தக் குழிகள்தானாம். விடியும்போது எதிர் வீடு தெரியாத அளவுக்குப் புகை நிற்குமாம், கிணற்றுத் தண்ணீரில்கூடக் கரி படிகிறதாம். அண்ணன் வாங்கிய தோட்டம் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அதுக்கு அந்தாண்டைதான் பெரிய குழி என்றார். என் கிராமத்துக் காற்று அதோடு போயிற்று.

பிறகு அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு நல்ல சேதி சொன்னார். தை மாதம் மகளுக்குக் கல்யாணமாம். இளைப்பு இருப்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதாம். உள்ளூரில் காட்டினால் ஊரெல்லாம் பரவிவிடும் என்றுதான் இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறாராம்.

"அந்தப் பொகைல இருந்து தப்பிக்கட்டும்னுதானுங்க டவுனுல மாப்பிள்ளை பாத்தோம். ஊர்லயே தோட்டம் வெச்சிருக்கறவங்க ரெண்டு எடம் வந்துதுங்க, வேண்டாம்னு சொல்லிப்போட்டோம்."

டவுனில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். என் தெருவுக்கு அடுத்த தெருவைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு பவுண்டரி. அந்த வீட்டுப் பெண்களும் எங்களோடு சேர்ந்து துணி எடுக்க ஓடுகிறவர்கள்தான்.

சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் ஒரு போராட்டம். ஆனால் என் பிள்ளைக்குத் தன் மூச்சை விட்டுக்கொடுத்தவளின் அம்மாவிடம் எப்படி மறைப்பது? நானும் அந்த இடம்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா என் தோளில் கிடந்த மகளையே வெகுநேரம் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"உப்புச்சக்கரை வாங்கியாச்சுங்க. இனி எந்த மொகத்தை வெச்சுட்டுங்க வேண்டாம்னு சொல்றது? சொன்னா, ஏன்னு கேப்பாங்கல்லங்க?"

எங்கள் பக்கத்தில் நிச்சயம் பேசி உப்புச்சர்க்கரை வாங்கினால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. காரணம் சொல்லி நிறுத்தினால் சீக்காளிப் பெண் என்று பெயர் வந்துவிடும். வேறு இடமும் அமையாது.

அந்தப் பெண் வெளியே வந்தாள். இப்போது மூச்சு சீராக இருந்தது. என் மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தான் வாழ வரப்போகிற இடத்திலிருந்து ஓர் ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"அக்கா, அங்கெல்லாம் காத்தால எந்திரிச்சா வானம் பளிச்சுனு தெரியுமுங்களா?"

அவள் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்கள் கெஞ்சியதைப் போல இதுவரை எதுவும் என்னிடம் கெஞ்சியதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"தெரியும் கண்ணு. நல்லாத் தெரியும்."

நானும் தலையை ஆட்டினேன்.

மகளை நான் அண்ணன் வீட்டுக்கு அனுப்பவில்லை. எங்கே அனுப்புவது? காற்றாடிச் சத்தம் கேட்டால் துணியை விட்டுவிட்டு அவளை உள்ளே தூக்கிக்கொள்வதோடு சரி. தை பிறந்ததும் அடுத்த தெருவில் மேளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த வருஷமே வேறு லைன் வீட்டுக்கு மாறிவிட்டோம். அங்கேயும் பவுண்டரிதான். உடம்புக்கு முடியாதவர்களைப் பார்த்து, கொஞ்ச நாள் நல்ல காற்றுள்ள ஊரில் போய் இருங்களேன் என்று யாராவது சாதாரணமாகச் சொல்லும்போது, இன்றைக்கும் எனக்கு எந்த ஊரின் பெயரும் ஞாபகத்துக்கு வருவதில்லை, வானம் தெரியுமா என்று கேட்ட அந்தப் பெண்ணின் மலர்ந்த முகம்தான் வருகிறது.