மீட்டரை ஒட்டி ஒரு கறுப்பு வயர்

தன் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வயர்மேன் வாசலுக்கு வந்தான். உள்ளே ஃபிரிட்ஜின் இரைச்சல் அடங்கிவிட்டது. சுவரிலிருந்த மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறினான். மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் ஒரு கறுப்பு வயர் பிரிந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது. அங்கே சகலை சலவைக்கடை நடத்திவந்தார். மூன்று இஸ்திரிப் பெட்டி, இரண்டு வாஷிங் மெஷின்.

பிழைக்க வந்த தேசத்தில் ஒன்பது வருஷமாக அடுத்தவன் வீட்டு வயரை முகர்ந்து பார்த்தே கோளாறு சொல்லுகிறவன். சொந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றியதில்லை. எல்லாம் மரியாதைதான். மூன்று வருஷம் முன்பு குடும்பத்தை வரவழைத்தபோது வீடு பிடித்துக் கொடுத்தவர் சகலை. "வயரிங் நம்ம ஆளு போட்டது தம்பி. கனெக்‌ஷன் உன் பேர்ல இருக்கட்டும். விசா புதுப்பிக்கக் கரண்டு பில்தான் கேப்பான்" என்றார். மனைவியின் அக்கா புருஷன் போட்டுக்கொடுத்ததைச் சோதித்தால் அவர் மூஞ்சியிலேயே டெஸ்டரை வைத்த மாதிரி ஆகிவிடாதா?

ஆகவே பில் ஏறியபோதெல்லாம் மனைவிக்குத்தான் சோதனை. ஹீட்டர் பரணுக்குப் போயிற்று. மகளுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வெந்நீர். "கரண்டு என்ன உங்கப்பன் வெட்டுன வாய்க்கால்லயா வருது?" என்று கத்தியிருக்கிறான். அவள் வாய் திறந்ததில்லை. மின்வாரியத்துக்கு அந்த ஊர் மொழியில் ஆறு புகார் எழுதிப் போட்டான். மீட்டர் சரியாக இருக்கிறது என்று ஆறு பதில் வந்தது.

சகலை வெளியே வந்தார். கையில் ஹேங்கர்.

"என்ன தம்பி, ஞாயித்துக்கிழமைகூட ஏணி, ஸ்டூல்னு?"

"இந்த வயர் யாரோடது அண்ணே?"

அண்ணாந்து பார்த்தார். "அட, அதுவா. தற்காலிகமா இழுத்தது. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"மூணு வருஷமாவா?"

"சொந்தத்துக்குள்ள இதெல்லாம் ஒரு பேச்சா? நான் இல்லேன்னா நீ இன்னும் பத்துப் பேரோட ஒரே ரூம்ல கெடந்திருப்பே."

அவன் ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் வயரை வெட்டினான். அடுத்த வீட்டில் மெஷின் நின்றது.

"நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுச் சகலை உள்ளே போனார்.

கதவருகில் மனைவி நின்றிருந்தாள். அவள் வயரைப் பார்க்கவேயில்லை. அதைக் கவனித்துவிட்டுத்தான் கேட்டான்.

"உனக்குத் தெரியுமா?"

"அக்கா சத்தியம் வாங்கிட்டா."

"எப்ப?"

"வந்த மொத வாரமே. கடை படுத்துட்டா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்னு அழுதா. திட்டு எனக்குத்தானே, வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

"பாப்பா பச்சைத் தண்ணியில குளிச்சுதே?"

"நீங்க வேலைக்குப் போனப்புறம் தெனமும் அடுப்புல சுடவச்சுத்தாங்க ஊத்துனேன்."

சந்தோஷப்பட வேண்டிய சேதி. ஆனால் ஆறு வயதுப் பெண்ணும் அவன் கத்தலுக்குப் பயந்து அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சகலையாவது கரண்டைத்தான் எடுத்தார்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்து மின்வாரிய அலுவலகத்துக்குப் போனான். பெயர் மாற்ற விண்ணப்பம் வாங்கினான். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டான். சாயங்காலம் மனைவி கையெழுத்துப் போட்டாள். இனி பில் அவள் பேரில் வரும்; ஹீட்டர் போட அவனைக் கேட்க வேண்டியதில்லை. விசாவுக்கு அவன் வேறு அத்தாட்சி தேட வேண்டும். அடுத்த வீட்டில் வாடகை ஜெனரேட்டர் ஓடியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுப்பாடம் படித்தாள். ஏழரைக்குச் சாப்பிட்டார்கள்.