அப்பா லைனுக்குப் போயிருக்கிறார்

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு அனிமேஷன் படத்துக்குப் போனோம். நான், என் தங்கை கவிதா, அவள் மகள் யாழினி. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

படத்துக்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கவிதாவின் கணவர் நாமக்கல்லில் லாரி டிரைவர். ஆறு மாதம் முன்பு நாக்பூர் பக்கம் விபத்தில் இறந்துபோனார். காரியம் முடியும்வரை குழந்தையைத் திருச்செங்கோட்டில் சொந்தக்காரர் வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்து அப்பா எங்கே என்று கேட்டவளுக்குப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு பதில் தயார் செய்தார்கள். "அப்பா நார்த் லைனுக்குப் போயிருக்காங்க சாமி."

வேறு ஊரில் இந்தப் பொய் ஒரு வாரம் தாங்குமா? நாமக்கல்லில் தாங்கும். லோடு ஏற்றிக்கொண்டு வடமாநில லைனுக்குப் போகும் லாரிக்காரர் வீட்டில் அப்பா கண்ணில் படாமல் இருப்பது சாதாரணம். போன் வரவில்லையா... டவர் இல்லை. தீபாவளிக்கு வரவில்லையா... ரிட்டர்ன் லோடு கிடைக்கவில்லை!

இந்தப் பொய்க்காகக் கணவரின் போட்டோவைக்கூடக் கவிதா சுவரில் மாட்டவில்லை. மாலை போட்டால் தெரிந்துவிடுமே. துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருந்தாள். அழ வேண்டுமென்றால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான்.

சரி, படம். ஒரு அணில் குட்டி. இரை தேடப் போன அப்பா அணில் செத்துப்போகிறது; குட்டிக்குத் தெரியாது. குட்டி தினமும் அப்பாவுக்கு ஒரு கொட்டை எடுத்து வைக்கிறது. எனக்குத் திக்கென்றது. கார்ட்டூன்தானே என்று விசாரிக்காமல் டிக்கெட் எடுத்துத் தொலைத்தேனே!

பின் சீட்டில் ஒருவர் சத்தமாகவே கேட்டார். "ஏனுங்க, கொழந்தைங்க படத்துல எதுக்குங்க இந்தச் சாவெல்லாம்?"

கவிதா எழுந்துவிட்டாள். "வா சாமி, ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்."

"இரும்மா. அந்தக் குட்டிகிட்ட யாராச்சும் சொல்றாங்களான்னு பாக்கோணும்."

கடைசியில் அப்பா இனி வராது என்று அம்மா அணில் குட்டியிடம் சொன்னது. இரண்டும் கட்டிக்கொண்டு அழுதன. யாழினி இமைக்காமல் பார்த்தாள்.

பார்க்கிங்கில் கேட்டாள். "அம்மா, நம்ம அப்பாவும் வரமாட்டாங்கதானே?"

கவிதா என்னைப் பார்த்தாள். இன்னொரு டவர் கதை வரப்போகிறது என்று தெரிந்தது. விடக்கூடாது என்று தோன்றியது.

"சொல்லு கவிதா. இப்பவே சொல்லீரு."

ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். மூன்று பேரும் அங்கேயே நின்று அழுதோம். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

பின் சீட்டு சார், உங்களுக்குத்தான் சொல்கிறேன். கார்ட்டூனில் சாவு வரட்டும். பிரிவும் பொறாமையும் பயமும் வரட்டும். பிள்ளைகளை மிரட்டாமல், பொய் சொல்லாமல் எடுத்தால் போதும். நாம் கண்ணைப் பொத்திவிட்டால் துக்கம் வாசலோடு போய்விடுமா என்ன? எங்கள் குடும்பத்துப் பெரிய தலைகள் எல்லாம் சேர்ந்து பூட்டி வைத்ததை ஒரு அணில் திறந்துவிட்டது. இனி யார் என்ன சொன்னாலும் இதில் என் கட்சி மாறாது.

நேற்று கவிதா போன் செய்தாள். போட்டோவை வெளியே எடுத்து மாட்டிவிட்டார்களாம். டிவிக்கு நேர் எதிர்ச் சுவரில். இடம் சொன்னது யாழினி.

"லைனுக்குப் போயிப் போயி அப்பா நம்மகூட ஒரு படங்கூடப் பாக்கலீல்லம்மா... இனிமே பாக்கட்டும்."